விழுந்ததை எடுக்காதவர்கள்

எங்கள் கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் அணி தொடங்கியபோது நான் பேர் கொடுத்ததற்கு ஒரே காரணம் ஹெல்மெட். முகத்துக்குக் கம்பி போட்ட அந்த ஹெல்மெட்டோடு ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். "இது யாருலே?" என்று அம்மாவே கேட்டாள். அதோடு என் விளையாட்டு வாழ்க்கை உச்சத்தைத் தொட்டு முடிந்தது. பிறகு மைதானத்துக்கு வெளியே தண்ணீர் கேனுக்குக் காவல் இருந்தேன்.

அணியைத் தொடங்கியவர் எங்கள் பி.டி. சார். வெம்பக்கோட்டைக்காரர். தற்காலிக வேலை. கபடி என்றால் ஊருக்கு ஊர் அணி இருக்கிறது, இதில் போட்டிக்கு ஆளே இல்லை, சுலபமாக ஜெயித்துவிடலாம் என்று நினைத்துவிட்டார். பிரின்சிபால் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். சீசனில் ஓர் ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அணியும் கிடையாது, சாருக்கு வேலை நீட்டிப்பும் கிடையாது.

சீசன் என்பது நான்கே ஆட்டம். முதல் மூன்றிலும் தோற்றோம்.

இந்த ஆட்டத்தின் பந்து இரண்டு முனையும் கூம்பியிருக்கும். அதை அணைத்துக்கொண்டு எதிரணியின் கோட்டைத் தாண்டினால் ஆறு பாயிண்ட். பந்து நழுவித் தரையில் விழுந்துவிட்டால், முதலில் அதன்மேல் பாய்ந்து அமுக்குகிற அணிக்குச் சொந்தம்; எதிரணியின் கோட்டுக்குப் பின்னால் அமுக்கினால் அதற்கும் ஆறு பாயிண்ட். நாங்கள் தோற்றது முழுக்க இந்த இடத்தில்தான். பந்து கீழே விழுந்த மறுநொடி, எங்கள் ஆட்கள் நாலாபக்கமும் சிதறி ஓடினார்கள். எதிரணிக்காரன் நிதானமாக நடந்து வந்து எடுத்துக்கொண்டு போனான்.

மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் சார் கத்தினார். "ஏலே, பந்துதானலே அது! கடிக்கவா போகுது?"

கேப்டன் ஆமத்தூர்க்காரன். "தெரியுது சார். காலு கேக்க மாட்டேங்குது" என்றான்.

சாருக்கு உடனே புரிந்துவிட்டது. அணியில் என்னைத் தவிர எல்லோரும் லீவு விட்டால் பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள். அங்கே முதல் நாள் சொல்லித் தருவதே இதுதான்: கையிலிருந்து எது நழுவினாலும் குனியாதே, எடுக்காதே, பக்கத்து வாசல் வழியாக வெளியே ஓடு.

நான் முந்திரிக்கொட்டையாக யோசனை சொன்னேன். "சார், தினமும் நூறு தடவை பந்தக் கீழ போட்டுப் போட்டு எடுக்கச் சொல்லுங்க. பழகிருவாங்க."

"பழகிருவானுவ" என்றார் சார். "இங்கன பழகிட்டு, லீவுல பட்டாசு ஷெட்டுக்குப் போயி அங்கனயும் குனிஞ்சான்னா?"

"அப்ப உங்க வேலை சார்?"

"வேலை வேற எங்கனயாச்சும் கிடைக்கும்லே."

சார் எங்களை வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். "பட்டாசு கம்பெனிக்குள்ள காலே வைக்காதவன் எவன்லே?" என்று கேட்டார். என் கை மட்டும் எழுந்தது. எங்கள் வீட்டில் காலண்டர் அச்சடிக்கிற ஆபீஸ். அங்கே ஒரு தாள் பறந்து விழுந்தால் அழுக்கு ஒட்டும் முன் பாய்ந்து எடுக்க வேண்டும். பிந்தினால் அப்பாவின் வாய் என்மேல் பாயும்.

"உனக்கு ஓட வருமாலே?"

"வராது சார்."

"பந்து பிடிக்க?"

"வராது சார்."

"விழ வருமா?"

"அது நல்லா வரும் சார்."

"போதும்."

கடைசி ஆட்டம் மதுரையில் ஒரு கல்லூரியோடு; தண்ணீர் கேனை விட்டு நானும் இறங்கினேன். முடியப்போகும் நேரம் வரை இரு பக்கமும் ஒரு பாயிண்டும் இல்லை. சார் தன் தொப்பியைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். அப்போது, அவர்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே பந்தோடு ஓடிய மதுரைக்காரன் ஒருவனைக் கேப்டன் மோதிச் சாய்த்தான். பந்து தெறித்துக் கோட்டுக்குப் பின்னால் உருண்டது. எங்கள் ஆட்கள் வழக்கம்போலச் சிதறினார்கள். எனக்கு வழி தாராளமாகக் கிடைத்தது.

ஓடினேன். என் ஷூ லேஸ் என்னையே தடுக்கியது. பந்துக்கு இரண்டடி முன்னாலேயே விழுந்து, மீதியைத் தவழ்ந்து போய்க் கட்டிக்கொண்டேன். மேலே ஐந்து மதுரைக்காரர்கள் விழுந்தார்கள். எங்கள் அச்சு மிஷினுக்குள் போகிற தாளின் கஷ்டம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ரெஃப்ரீ எல்லோரையும் விலக்கிவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். நான் பயந்துபோய், "தப்பா சார்?" என்றேன்.

"ஆறு பாயிண்ட். எந்திரிப்பா."

திரும்பிப் பார்த்தால் எங்கள் அணி பத்தடி தள்ளியே நின்றது. "பந்த ரெஃப்ரீகிட்ட குடுத்துட்டு வாலே, அப்புறம் வாரோம்" என்று கேப்டன் கத்தினான். கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் வந்து தூக்கினார்கள். சார் மட்டும் பிழிந்த தொப்பியை விரித்து, தலையில் வைத்து, மறுபடி கழற்றினார்.

ஒரு வருஷ நீட்டிப்புக்கான ஆர்டர் வந்த அன்று சார் என்னைக் கூப்பிட்டார். பாராட்டப்போகிறார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

"அடுத்த சீசனுக்கும் விழுறதுக்கு நீதாம்லே."

"அதுக்குள்ள ஓடவும் கத்துக்கிடட்டுமா சார்?"

"வேணாம். ஓடுறதுக்குப் பத்துப் பேரு இருக்கானுவ."