அண்ணன் சொல்லாமல் பாடிய நாள்

வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத அவனுக்கு 'டமாரம்' என்று பட்டப்பெயர் வைத்தது அவன் அண்ணன்தான். ராக் குழுவில் அண்ணன் பாடகன், தம்பி டிரம்ஸ். மேடையில் டிரம்ஸ்காரனுக்குக் காணக் கிடைப்பது பாடகனின் முதுகு மட்டும்தான். அந்தத் தோள் லேசாக உயர்ந்தாலே பல்லவி திரும்பப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். போகப்போக கொங்கா, தம்போரின், சைலபோன் என்று கைக்கு அகப்பட்ட தாள வாத்தியங்களையெல்லாம் கற்றுக்கொண்டான்.

"இவனைப் பாத்திரம் கழுவ விட்றாதீங்க. ஒரு தட்டு கழுவுறதுக்குள்ள ஒரு கச்சேரியே முடிஞ்சிரும்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா இறந்த அன்று இருவரும் வெளியூருக்கு நிகழ்ச்சிக்குப் போயிருந்தார்கள். அங்கே பழைய கிடங்கு ஒன்றுதான் அரங்கம். உள்ளே எள் விழ இடமில்லை. அண்ணன் அன்று உயிரைக் கொடுத்துப் பாடினான். தம்பிக்கும் கை நிற்கவில்லை. வாழ்க்கையில் அவன் அவ்வளவு சந்தோஷமாக வாசித்ததே இல்லை.

கடைசிப் பாட்டு முடிந்து மேடைக்குப் பின்னால் வந்தபோது அண்ணன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான்.

"அம்மா போயிட்டாங்கடா."

"எப்போ?"

"மேடை ஏறுறதுக்கு முன்னாடியே போன் வந்துச்சு."

"தெரிஞ்சுதான் பாடினியா?"

இறுதிச் சடங்கு முடிந்த கையோடு தம்பி குழுவை விட்டு விலகினான்.

அதன்பின் அவன் எந்தக் குழுவிலும் வேர்விடவில்லை. யாருக்காவது ஆள் குறைந்தால் அழைப்பு வரும். எதை நீட்டினாலும் வாசிப்பான். இசைத்தட்டுகளில் அவன் பெயர் கடைசி வரியில் இருக்கும். குழுப் புகைப்படங்களில் ஓரத்தில் நிற்பான். இரைச்சலில் இடது காது பாதி போய்விட்டது. அண்ணன் பாட்டு கடையில் ஒலித்தால் வாங்க வந்ததை வாங்காமலே வெளியேறிவிடுவான்.

தலை நரைத்த பிறகு ஒருநாள், ஒத்திகைக்கு நடுவே அண்ணி போன் செய்தாள்.

"அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்துட்டாரு. இனிமே பாட முடியாதாம். அவரு உங்களை வரச் சொல்லல. நான்தான் சொல்றேன்."

வாசித்ததை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினான்.

அண்ணன் கழுத்தில் கட்டோடு நாற்காலியில் இருந்தான். குரல் காற்றாக வந்தது. கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பித் தம்பி குனிந்தான்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா நீ வாசிச்சிருக்க மாட்டே."

"ஆமா. நிகழ்ச்சியை நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தினா நிஜமாயிரும்னு பயந்தேன்டா. பாட்டு முடியிற வரைக்கும் அம்மா இருப்பாங்கன்னு ஒரு நெனப்பு. உன் டிரம்ஸ் அடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்."

தம்பி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நான் சிரிச்சுக்கிட்டே வாசிச்சேண்ணே. அம்மா செத்துக் கெடக்குறப்போ சிரிச்சுக்கிட்டே. அதைத்தான் என்னால தாங்க முடியல."

அண்ணன் அவன் காய்ப்பேறிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். இருவரும் அழுதார்கள். வாசலில் நின்ற அண்ணி உள்ளே வராமல் திரும்பிப் போனாள்.

மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை. இழந்த வருஷங்கள் இழந்தவைதான். அடுத்த வாரம் அவன் வேறொரு குழுவோடு வெளியூர் போகவேண்டியிருந்தது. போய் இறங்கியதும், பெட்டியைக்கூட வைக்காமல் அண்ணியை அழைத்தான்.

"அண்ணன் சாப்பிட்டாரா?"