இரண்டு காரும் ஓர் இடதுகாலும்

வாடகைக்குக் கார் விடும் தொழிலில் காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் அதன் சொந்தக்காரர் ஒருவர்தான். மிச்ச எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

போனை எடுத்து "வணக்கம்" சொன்ன ஒரே குற்றத்துக்காக அரை மணித்தியாலம் புத்திமதி கேட்ட சக துன்பப்பிராணிகளே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கமான வேலணையில் எங்கள் அத்தான், அதாவது அக்காவின் கணவர், இரண்டு சொகுசுக் கார்களை வாடகைக்கு விடுகிறார். இரண்டும் ஜேர்மன் கார். இரண்டும் வெள்ளை. இரண்டுக்கும் தோல் சீற். ஒன்று ஓட்டோமற்றிக், மற்றது கிளச் மிதித்துக் கையால் கியர் போடும் மனுவல். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த என்னைப் போனுக்குப் பொறுப்பாக விட்டார்கள். காரணம், அத்தானுக்குக் கீச்சுக் குரல். எனக்கு எந்தக் குரலும் வரும். நான் அத்தானாகக் கதைக்கத் தொடங்கினால் குசினிக்குள் நிற்கும் அக்கா, "சாப்பிட வாங்கோவன்" என்று கூப்பிடுவாள்.

ஆடி மாதம் வெளிநாடுகளில் குடியேறிய எங்கள் ஊர்க்காரர் விடுமுறைக்கு வந்திறங்கத் தொடங்கியதும் அத்தான் அறிவித்தார்: "ஆவணி முடிய ஒரு காரை வித்துப்போட்டு வான் எடுக்கப்போறன். சனம் எதைக் கூடக் கேக்குதோ அது நிக்கும்." வரப்போகும் வான் ஓட்டோமற்றிக் என்பது முன்பே முடிவாகியிருந்தது. இதைக் கேட்டுக்கொண்டு நின்ற செல்வன் அண்ணையின் முகம் கறுத்துப்போனது. ஊர்காவற்றுறைக்காரரான அவர்தான் எங்கள் சாரதி. மனுவலை அவர் ஓட்டினால் மடியில் வைத்த தேத்தண்ணி தளும்பாது. ஓட்டோமற்றிக் அவருக்கு வராது. அதை அத்தான்தான் ஓட்டுவார். மனுவல் போனால் செல்வன் அண்ணைக்கு மிஞ்சுவது முன்பு பார்த்த மீன் லொறி வேலை. கொழும்புக்கு ஓடிய அந்தக் காலத்தில் கிழமைக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். ஒருமுறை படலையைத் திறந்துகொண்டு வந்தவரைக் கண்டு அவருடைய சின்ன மகள் உள்ளே ஓடிப்போய்ச் சொன்னாளாம்: "அம்மா, ஆரோ ஒரு மாமா வந்திருக்கிறார்."

கேற்றடியில் கனடா

முதலில் வந்தவர் கனடா. அரைக் காற்சட்டை, தலையில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி. "அங்க எல்லாமே ஓட்டோமற்றிக், பிள்ளை. அலுத்துப்போச்சு. ஊருக்கு வந்தால் மனுவல்தான் ஓடவேணும். அப்பற்ற காரைப் பள்ளிக்கூடம் போற வயதில ஓடினனான்" என்றார். செல்வன் அண்ணை மகிழ்ச்சியோடு போய் மனுவலின் சாவியை, எங்கள் வழக்கில் திறப்பை, எடுத்துவந்தார்.

கனடா முதலில் இடப்பக்கக் கதவால் ஏறி, ஸ்ரியறிங்கைக் காணாமல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சுற்றிவந்து வலப்பக்கத்தால் ஏறினார். கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. பிறகு இன்னொரு துள்ளு. சிக்னல் போடுகிறேன் என்று அவர் தட்டியதில், சுள்ளென்ற வெயிலில் வைப்பர் அடிக்கத் தொடங்கியது. தவளை மாதிரியே தவ்வித் தவ்விக் கேற்றடிவரை வந்த கார், அதற்குமேல் வரமாட்டேன் என்று செத்துப்போனது. அவர் இறங்கி, கழுத்து வேர்வையைத் துடைத்தார். காரை ஒருமுறை பார்த்தார், கேற்றை ஒருமுறை பார்த்தார். "காரில பிழை இல்லைப் பிள்ளை. உங்கட கேற்றுத்தான் கொஞ்சம் கிட்ட இருக்குது."

சாட்டி மணலில் பிரான்ஸ்

கனடா ஓட்டோமற்றிக்கைக் கொண்டுபோய்த் திருப்பித் தந்த மறுநாள் பிரான்ஸ் வந்தது, மனுசியோடு. அவருக்கு ஓட்டோமற்றிக் என்ற சொல்லே ஆகாது. "அது பென்சன்காரர் ஓடுற சாமான். கார் எண்டால் மனுசன்ர கைக்குள்ள நிக்கவேணும். அஞ்சு கியரும் முன்னுக்கு, ஒண்டு பின்னுக்கு. வேற என்ன வேணும்?" மனுசி ஓட்டோமற்றிக் கேட்டார். தானும் கொஞ்சம் ஓடலாமே என்று ஓர் ஆசை. கேட்டவரின் குரல் எடுபடவில்லை. மனுவல் போனது. செல்வன் அண்ணை அன்று எனக்குக் கடையில் சாப்பிட ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

பின்னேரம் சாட்டிக் கடற்கரையிலிருந்து போன் வந்தது. நானும் செல்வன் அண்ணையும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால், கார் மணலுக்குள் வயிறு தட்டக் குந்திக்கொண்டு நிற்கிறது. பிரான்ஸ் முதலாம் கியரில் முறுக்கினார், இரண்டாம் கியரில் முறுக்கினார், றிவேர்ஸில் முறுக்கினார். முறுக்க முறுக்கக் கார் கிணறு தோண்டியது. கடைசியில் வலை இழுத்துவிட்டுக் கரைக்கு வந்த ஆட்களைக் கூப்பிட்டோம். அவர்கள் காரை நாலு மூலையிலும் பிடித்தார்கள். மரநிழலில் இருந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த மனுசி அப்போதுதான் வாய் திறந்தார். "முன்னுக்குப் போற கியர் இருக்கு, பின்னுக்குப் போற கியர் இருக்கு எண்டீங்கள். மேல தூக்குற கியர் எதப்பா?"

சுவிஸின் கோபம்

சுவிஸிலிருந்து போனில் பேசியவருக்கு இரண்டும் வேண்டும். மனுசிக்கு ஓட்டோமற்றிக், தனக்கு மனுவல், ஆனால் ஒரே கார். நான் முதலாளிக் குரல் ஒன்றை எடுத்து ஆறுதலாக விளங்கப்படுத்தினேன்: எங்கள் ஓட்டோமற்றிக்கில் கூட்டல், கழித்தல் அடையாளம் போட்ட ஒரு பக்கம் உண்டு, அதில் தள்ளிவிட்டால் அவர் விரும்பியபடி கையாலும் கியர் மாற்றலாம். "அப்ப கிளச்?" என்றார். கிளச் இல்லை என்றேன். "தம்பி, கிளச் இல்லாட்டில், மனுசியில கோவம் வரேக்க நான் எதை மிதிக்கிறது?"

குறிகட்டுவானில் ஒரு குளிரறை

நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவான் துறையில் காரை விட்டுவிட்டு வள்ளம் ஏறுவது உங்களுக்குத் தெரியும். திருவிழா நேரத்தில் அங்கே இடம் காணாது. அதனால் ஒரு வழக்கம்: எல்லாரும் காரை நியூற்றலில், கைப்பிறேக் போடாமல் விட்டுவிட்டுப் போகவேண்டும். தொண்டர்கள் தேவைப்படும்போது கார்களை முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளி, மற்றவர்களுக்கு வழி விடுவார்கள். லண்டனிலிருந்து வந்த ஒரு டொக்டர், பட்டுவேட்டியோடு, எங்கள் ஓட்டோமற்றிக்கைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். தொண்டர் தம்பி கண்ணாடியில் தட்டி, "ஐயா, நியூற்றல்!" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டான்.

டொக்டர் சொன்னபடி நியூற்றலில் போட்டார். அந்தக் காரில் நியூற்றலில் நின்றால் திறப்பைக் கழற்ற ஏலாது. இழுத்துப் பார்த்தார், திருகிப் பார்த்தார். வள்ளம் வெளிக்கிடப்போகிறது, மனுசி கத்துகிறார். காரையும் குளிரூட்டியையும் ஓடவிட்டு, கதவைச் சும்மா சாத்திவிட்டு, ஓடிப்போய் வள்ளத்தில் ஏறிவிட்டார். அர்ச்சனை, பூசை, அன்னதானம் எல்லாம் முடித்து அவர் திரும்பி வரும்போது, காருக்குள் அர்ச்சனைத் தட்டோடு நாலு அம்மாமார். அடுத்த வள்ளத்துக்குக் காத்திருந்தவர்கள். ஒருவர் முன் சீற்றைச் சரித்துக் கண்ணயர்ந்திருந்தார். டொக்டர் கதவைத் திறந்தார். பின் சீற்றிலிருந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, ஏறுறதெண்டால் ஏறும். இல்லாட்டிக் கதவைக் கெதியாச் சாத்தும், குளிர் போகுது."

பாதரின் குரல்

ஆவணி பாதி போய்விட்டது. மனுவல் கேட்டவர்கள் அதை ஓட்டத் தெரியாமல் திருப்பித் தந்தார்கள். ஓட்டோமற்றிக் கேட்டவர்கள் கடைசிவரை வைத்திருந்தார்கள். மனுவல்தான் போகப்போகிறது என்பது செல்வன் அண்ணைக்கும் விளங்கிவிட்டது. "ஒருக்கால் எனக்கும் பழக்கிவிடுங்கோ" என்று அத்தானிடம் தாமே போய்க் கேட்டார். வீட்டுக்குப் பின்னால் உள்ள வெறுங்காணியில் பயிற்சி தொடங்கியது. அத்தான் பக்கத்துச் சீற்றில், நான் பின்னால்.

வலதுகாலில் ஒரு பிழையும் இல்லை. இடதுகால்தான் சொல்வழி கேட்கவில்லை. இஞ்சின் கொஞ்சம் உறுமினால் போதும், அது தானாகக் கிளச்சைத் தேடிப் போகும். கிளச் இல்லாத இடத்தில் அகலமான பிறேக் பெடல். ஒரே மிதி. அத்தானின் நெற்றி கண்ணாடியில் முட்டும். "இடக்காலை எடும் ஐசே!" என்று கீச்சிடுவார். ஐந்தாறு தரம் முட்டியபின் நெற்றி புடைத்து, கீச்சும் அடைத்துப்போனது. சரி, உதவுவோம் என்று நினைத்தேன். செல்வன் அண்ணையின் பங்குத் தந்தைக்குக் கனத்த குரல். பூசையில் பிரசங்கம் வைத்தால் கடைசி வரிசை வாங்கில் தூங்குகிறவரும் எழும்புவார். அந்தக் குரலை எடுத்து, பின் சீற்றிலிருந்து மெதுவாகச் சொன்னேன்: "செல்வன்... காலை எடு மகனே."

மனிதர் "சேசுவே!" என்று இரண்டு காலையும் தூக்கிவிட்டார். ஸ்ரியறிங்கையும் விட்டுவிட்டார். கார் ஆறுதலாக, ஒருவரும் ஓட்டாமலே, காணியைக் கடந்து வேலியை நோக்கிப் போனது. அத்தான் பாய்ந்து கைப்பிறேக்கை இழுத்து நிறுத்தினார். எனக்குக் குட்டு விழுந்தது. செல்வன் அண்ணை இறங்கி, தள்ளி நின்று, காரைக் கனநேரம் பார்த்தார். "இது காரில்லைப் பிள்ளை. கயிறு அவிட்டுவிட்ட வள்ளம்."

பொம்பிளைக் கார்

பருவத்தின் கடைசி ஓட்டம் ஒரு கலியாணம். பொம்பிளையின், அதாவது மணப்பெண்ணின் தகப்பன் ஓட்டோமற்றிக்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். கியர் மாற்றுகிற குலுக்கத்தில் தலைச்சோடினை குலைந்துவிடுமாம். அன்று காலை பார்த்து அத்தானுக்கு வயிறு பிடித்துக்கொண்டது. குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து உத்தரவு வந்தது: "செல்வன், நீர்தான் ஓடவேணும். பொம்பிளையின்ர தலை முன் சீற்றில முட்டாமல் கொண்டுபோய் இறக்கினீரெண்டால், எந்தக் கார் போனாலும் நீர் நிப்பீர். முட்டினால் என்னைக் குறை சொல்லாதையும்."

செல்வன் அண்ணை புது வெள்ளைச் சேட்டைப் போட்டார். ஏறி இருந்தார். இடதுகாலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி, அந்தக் காலை மடக்கி, சாப்பாட்டுக்குச் சம்மணம் கொட்டுவதுபோலத் தனக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துவிட்டார். நான் முன் சீற்றில் காவலுக்கு. பொம்பிளையையும் தோழியையும் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறை மண்டபத்துக்கு வெளிக்கிட்டோம். வளைவுகள் வந்தன, மாடுகள் வந்தன, சந்தியில் பஸ் குறுக்கே வந்தது. மல்லிகை மொட்டு ஒன்றுகூட அசையவில்லை. பாதி வழியில் பொம்பிளை முன்னுக்குச் சாய்ந்து என் காதுக்குள் கேட்டாள், "அண்ணைக்கு மற்றக் கால் இல்லையோ?" இருக்கிறது அக்கா, இன்றைக்கு அதற்கு லீவு என்றேன்.

மண்டப வாசலில் மேளம், வீடியோக்காரர், ஆராத்தித் தட்டோடு இரண்டு பெண்கள், மாப்பிள்ளை வீட்டார். சாரதி இறங்கி, சுற்றிவந்து, பொம்பிளைக்குக் கதவு திறந்துவிடவேண்டும். செல்வன் அண்ணை இறங்கினார். வழி முழுக்க அவருக்குக் கீழே கிடந்த கால் கட்டைபோல விறைத்திருந்தது. ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் வெறும் மேசுக் காலுறையுமாக, காரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றிவந்து கைபிடியைத் தொட்டார். கதவு திறந்தது. அதே நேரத்தில் கால் மடிந்தது. கதவைப் பிடித்தபடியே, பொம்பிளையின் முன்னால், முழங்காலில் நின்றார். எழும்ப ஏலாது. வேறு வழியில்லாமல் மற்றக் கையை நெஞ்சில் வைத்துத் தலையையும் குனிந்தார். மேளம் ஒரு கணம் நின்றுபோனது. ஆராத்திக்காரப் பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை அவருக்கும் சேர்த்துச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா கண் கலங்கிப்போய் முன்னால் வந்து அவருடைய தோளைத் தொட்டார். "தம்பி, நாங்களும் சாதாரண ஆக்கள்தான். இவ்வளவு மரியாதை வேண்டாம், எழும்பும்."

அதற்குப் பிறகு

வீடியோ நாடு நாடாகப் போனது. அடுத்த கிழமையிலிருந்து போன் ஓயவில்லை. அத்தான் சொன்ன சொல்லை மீறவில்லை: மனுவல் விற்கப்பட்டது, வான் வந்தது, செல்வன் அண்ணை நிற்கிறார், பொழுதுபடச் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார். கார் ஓடும்போது இடதுகால் இன்னும் அவருக்குக் கீழே மடங்கித்தான் இருக்கிறது. அதனால் முழங்காலில் நிற்பதும் நிற்கவில்லை. நேற்று ஜேர்மனியிலிருந்து ஒருவர் தை மாதக் கலியாணத்துக்குப் பேசினார். ஓட்டோமற்றிக் இருக்கிறது என்று நான் தொடங்க முதலே இடைமறித்தார். "கியர் என்ன மாதிரி இருந்தாலும் எனக்குக் காரியமில்லை. அந்த முழங்காலில நிண்டு கதவு திறக்கிற டிறைவர் வருவாரோ, அதைச் சொல்லும்."

ஒரு பருவம் முழுக்கக் கியர்களை ஆராய்ந்த எங்கள் குடும்பம் கண்ட முடிவு என்னவென்றால், சொகுசுக் காரில் ஏறுகிறவருக்கு வண்டி எப்படிப் போகிறது என்பதைவிட, போய் இறங்கும்போது யார் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.