மடிப்பில் தொலைந்த ஒரு நூல்: ஹட்டனிலிருந்து ராகலை வரை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இரவு மணி பதினொன்றே முக்கால். ஒன்றரை வயது மகள் இப்போதுதான் உறங்கினாள். பயணம் நேற்று, சனிக்கிழமை. விவரங்கள் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை உருட்டும் ரோலர்கள் மூன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் இரும்புத் தாங்கி உடைந்து, மெசின் நிற்கிறது. அந்தத் தாங்கி இப்போது எங்கும் விற்பனைக்கு இல்லை. பழைய வரைபடத் தாள் ஒன்றுதான் மிச்சம். உண்மை அளவிலேயே வரையப்பட்டது. அதை ஸ்கேன் செய்து, கேட் (CAD) எனும் கணினி வரைபட மென்பொருளில் படமாக வைத்து, மேலே கோடு கோடாக இழுத்து, முப்பரிமாண உருவமாக்கித் தரும் வேலை எனக்கு வந்தது. பிள்ளை பிறந்த பின் வந்த முதல் வேலை இது. சரியாக அமைந்தால் மற்றப் பாகங்களின் தாள்களும் எனக்குத்தான் வரும். கண்டியில் உள்ள பட்டறை திங்கள் காலை இரும்பை வெட்டும். கோப்பை அனுப்புவது மட்டும்தான் பாக்கி. எனக்கோ மனசு கேட்கவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். உருவத்தை உண்மை அளவில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, துளைகளை வெட்டி, பழைய தாளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஹட்டனில் காலை ஆறரைக்கு நுவரெலியா பஸ். கட்டணம் எழுபது ரூபாய். இடப்பக்க ஜன்னல் கிடைத்தது, ஆனால் தலவாக்கலை வரை பனியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சோதனைச் சாவடிகளில் வரைபடச் சுருளை இரண்டு முறை விரித்துக் காட்டினேன். அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள். நுவரெலியாவில் இறங்கும்போது எட்டே முக்கால். ஒன்பது பத்துக்கு ராகலை பஸ், முப்பத்தைந்து ரூபாய். கந்தப்பளை தாண்டியதும் வெயில் வந்தது. கோவா, லீக்ஸ் காய்கறிப் பாத்திகளுக்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே தொழிலாளர்களின் லய வீடுகள். அந்த ஒரு மணி நேரம் கண்ணுக்கு நல்ல விருந்து.

ராகலையிலிருந்து தொழிற்சாலைக்கு நான்கு கிலோமீட்டர். த்ரீவீல்காரர் இருநூறு கேட்டார்.

"தோட்டத்துத் தொரையப் பாக்கப் போறீங்களாம்மா?"

"இல்லீங்க, மெசினப் பாக்க."

"அப்ப வெயிட்டிங் வேணாம். தொரைன்னா அஞ்சு நிமிசம். மெசின்னா பொழுது போயிரும்."

தொழிற்சாலையில் மெசின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் செல்லமுத்து அண்ணன் வாசலிலேயே நின்றார். என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்பியூட்டர்ல செஞ்சதுங்களா? அப்ப சுத்தியலையும் எடுத்துக்கிறேன்."

உடைந்த தாங்கியைக் கழற்றிய இடத்தில் நான்கு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அட்டையை வைத்தோம். இடப்பக்கத்து இரண்டும் அழகாக உட்கார்ந்தன. வலப்பக்கத்து இரண்டும் துளைக்கு வரவில்லை.

"அட்ட ஈரத்துல சுருங்கியிருக்குமோண்ணே?"

"அட்ட மேல பழியப் போடாதீங்க தங்கச்சி." இரும்பு அடிக்கோலை வைத்து அளந்தார். "ஒரு நூல் கொறையுது."

ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. வீட்டுக்குப் போன் செய்தேன். பதற்றம் வந்தால் எனக்குப் பிள்ளையைக் கேட்க வேண்டும். நாத்தனார் எடுத்தாள்.

"அண்ணி, இது நாலாவது போன் கோல். பாப்பா நல்லாத்தான் தூங்குறா. நீங்க போன் எடுக்கிறப்ப எல்லாம்தான் முழிக்கிறா."

திரும்பி வந்தபோது செல்லமுத்து அண்ணன் பழைய தாளை மேசையில் விரித்திருந்தார். அது நடு மடிப்பில் இற்று இரண்டாகப் பிரிந்த தாள். மடிப்பைக் கடக்கும் அளவின் எண்ணும் தேய்ந்துபோயிருந்தது.

"இந்த ஓரம் நாரு நாரா தொங்குமே. என்னா ஆச்சு?"

"ஸ்கேனர்ல படியலண்ணே. ரெண்டு பக்கமும் பிசிறக் கத்தரிச்சிட்டேன்."

அவர் இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டிக் காட்டினார். "புள்ளைக்கு நகம் வெட்டுற மாதிரி?"

"ஆமாண்ணே."

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த ரோலரில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பாதிகளையும் விளிம்போடு விளிம்பு சேர்த்தபோது கோடுகள் எவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தின என்று நான் பெருமைப்பட்டிருந்தேன். அந்த நேர்த்தி என் கத்தரிக்கோலின் நேர்த்தி. பிசிறோடு ஒரு நூல் அகலத் தாளும் போயிருந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தேநீருக்காக மெசின்களை நிறுத்தினார்கள். ஓடுகிற ரோலரின் நல்ல தாங்கியிலும் அளந்தோம். போல்ட்டுக்குப் போல்ட் எட்டே முக்கால் அங்குலம், இரண்டு இடத்திலும். என் படத்தில் எட்டரையும் ஒரு நூலும். அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. தவறு எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் மிச்சம் வெறும் வேலைதான்.

இன்று மாலை வலப்பாதிப் படத்தை ஒரு நூல் தள்ளி வைத்து, மடிப்பைக் கடக்கும் நான்கு கோடுகளைத் திருத்தினேன். இருபது நிமிடம் போதுமாக இருந்தது. கோப்பு பட்டறைக்குப் போய்விட்டது.

இதே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன். தாளைக் கத்தரிக்காதீர்கள், பிசிறோடு கண்ணாடிக்கடியில் அழுத்தி வையுங்கள். அளவு பொருத்துவதற்கு ஒரு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கடந்து செல்வது ஒன்று பாருங்கள். அதன் பிறகும் அட்டையில் வெட்டிக்கொண்டு நேரில் போங்கள். ராகலையிலிருந்து இரண்டரைக்குள் பஸ் ஏறிவிட்டால் இருட்டுவதற்குள் ஹட்டனுக்கு வந்துவிடலாம்.

வரும் சனிக்கிழமை புதிய தாங்கியைப் பூட்டுகிறார்கள். சுத்தியல் தயாராக இருக்குமாம். அதற்கு வேலை இருக்காது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த நான்கு போல்ட்டும் இறங்குவதை நேரில் பார்க்க வேண்டும். இந்த முறை மகளும் வருகிறாள். நாத்தனார் இன்னொரு நாள் என் போனுக்குப் பதில் சொல்ல மாட்டாள். ராகலை டவுனில் குழந்தைக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணீர் தந்து, பத்து நிமிடம் உட்கார இடமும் தருகிற கடை எது? தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.