இடிக்கை மாறனின் வைக்கோல் உடம்பு

சத்தியநேசனுக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று பாறசாலையில் அவனுடைய அம்மை பெற்றது. மற்றது காகிதக் கூழில் செய்தது. திருவனந்தபுரம் அறிந்தது இரண்டாவதைத்தான்.

தொண்ணூற்றாறில் சாலைக் கடைத்தெருவுக்கு ஒரு சலவைத்தூள் வந்தது. பாக்கெட்டுக்குள் தூளோடு ஒரு கார்ட்டூன் கதையும் இருக்கும். கதாநாயகன் இடிக்கை மாறன். நீல உடம்பு, முதுகில் பறக்கும் சிவப்புத் துணி, மார்பில் மஞ்சள் மின்னல். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அழுக்காசுரனுக்குக் குறைந்தது நாலு பல் போகும். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் கதையை எடுத்துக்கொண்டு தூளைக் குளத்தில் கொட்டினார்கள். அதில் குளித்த காக்கை ஒன்று வெளுத்துப்போய்க் கொக்குகளோடு சேர்ந்துகொண்டது. இதை நான் கண்ணால் கண்டேன்.

அந்த மாறனுக்கு உடம்பு கொடுத்தவன் சத்தியநேசன். சாலையில் அரிசி மூட்டை சுமந்த தோள் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி ஜீப் பஸ் ஸ்டாண்டு தோறும் போகும். அவன் முகமூடி மாட்டி அழுக்காசுரனை அடிப்பான். அசுரன் அவனுடைய கூட்டுக்காரன் நயினார். குத்து தாடைக்கு ஒரு விரல் முன்னால் நின்றுவிடும். நயினார் தகர டிரம்மில் போய் விழுந்து, வெற்றிலைச் சாற்றை ரத்தமாகத் துப்புவான். பிறகு இருவரும் ஒரு சாயாவைப் பங்குபோட்டுக் குடிப்பார்கள்.

கல்லாற்றில்தான் எல்லாம் கெட்டது. பொன்முடியிலிருந்து குடித்துவிட்டு இறங்கிய மூன்று பேர் கூட்டத்தில் நின்றார்கள். வழக்கம்போல நயினார் மாறனின் கழுத்தை நெரித்தான். தங்கள் வீரன் திணறுவதை அந்த மூவராலும் பொறுக்க முடியவில்லை. ஒருவன் பாய்ந்து வந்து சோடா பாட்டிலை நயினாரின் மண்டையில் உடைத்தான். இன்னொருவன் விழுந்தவனின் விலாவில் உதைத்தான்.

“நீ மாறி நில்லு மாறா, இவனெ நாங்க கொல்லுதோம்” என்றான் மூன்றாமவன், அத்தனை பிரியத்தோடு.

சத்தியநேசன் பார்த்தது வெற்றிலைச் சாறு அல்ல. பாட்டில்காரனின் முகத்தை ஜீப்பின் மூக்கில் அறைந்தான். மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. உதைத்தவனின் வலது கையைத் திருகினான். கரும்பு முறிகிற சத்தம் கேட்டது. மூன்றாமவனைத் தூக்கி ஆற்றில் எறிந்தான். ஆறு இரண்டாகப் பிரிந்து, மறுகரைக்காரர்கள் நனையாமல் மீன் பொறுக்கினார்கள்.

முன் வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்டது இவ்வளவுதான்: மாறன் தனக்கு உதவ வந்தவர்களை அடித்து முறித்தான், அசுரனை மடியில் போட்டுக்கொண்டு அழுதான். ஒரு குழந்தை வீறிட்டது. பிறகு எல்லாக் குழந்தைகளும்.

கம்பெனி மாறனைக் கைவிட்டது. மிச்சமிருந்த முகமூடிகள் சாலைக் கடைத்தெருவுக்குச் சல்லிசாக வந்தன. வாங்கியவர்கள் வீடு கட்டுகிறவர்கள். கட்டுகிற வீட்டுக்கு முன்னால் கண்ணேறு படாதிருக்க, வைக்கோல் திணித்த பூதம் ஒன்றைத் தொங்கவிடுவது இங்கே வழக்கம். எந்தப் பூதத்தையும்விட மாறனின் முகத்துக்கே மவுசு. தாய்மார் அதைக் காட்டித்தான் சோறு ஊட்டினார்கள்.

சத்தியநேசன் பாறசாலைத் தையல்காரி தாசம்மாளைக் கட்டுவதாக இருந்தான். பெண் கேட்க, மண்டையில் காயக்கட்டோடு நயினாரையும் கூட்டிக்கொண்டு போனான். அவளுடைய அப்பா தங்கப்பன் மேஸ்திரி தன் சொந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். வாசல் மூங்கிலில், வைக்கோல் வயிறு பிதுங்க, சத்தியநேசனே தொங்கிக்கொண்டிருந்தான். சர்ச்சில் யாராவது கேட்டால் காக்காய் விரட்ட என்பார் மேஸ்திரி.

“நீதானே கல்லாத்துலெ ஆளெ ஒடிச்சவன்?” என்றார் தங்கப்பன்.

“எனக்க மண்டையெ அவனுவ ஒடச்சதுக்காக்கும், அண்ணாச்சி” என்று நயினார் குனிந்து காட்டினான்.

“பேயி வரப்பிடாதுண்ணு இவனுக்க மூஞ்சியெ கெட்டிப் போட்டிருக்கேன். அவனுக்கே எனக்க மொவளெ குடுக்கவா?”

“மூஞ்சி வெளியே கெடக்கட்டும், ஆளு உள்ளெ வரட்டும்.”

“நீரு மிண்டாதெயும் ஓய்” என்று தங்கப்பன் நயினாரின் வாயை அடைத்தார்.

சத்தியநேசன் மூங்கிலடிக்குப் போனான். பொம்மையைக் கயிற்றோடு அறுத்து இறக்கினான். அதன் தாடையில் குத்தினான். இந்தமுறை குத்து ஒரு விரல் முன்னால் நிற்கவில்லை. கழுத்தைத் திருகினான், வயிற்றைக் கிழித்தான், குடலாக வந்த வைக்கோலை மிதித்தான். காகித முகம் மாவாகும்வரை கருங்கல்லில் அடித்தான். முஷ்டியில் தோல் உரிந்து சொந்த ரத்தம் வந்த பிறகே நிறுத்தினான்.

“நாளெ வார்ப்பு. ஊரே பாக்க வரும். இனி கண்ணேறுக்கு ஆரெ நிறுத்துவேன்?” என்றார் தங்கப்பன், வெளிறிப்போய்.

“அறுத்தவரே நிக்கட்டும்” என்றாள் உள்ளேயிருந்து தாசம்மாள். “கை மட்டும் ஓங்கப்பிடாது. ஓங்கினா எனக்கும் வேண்டாம்.”

மறுநாள் கான்கிரீட் போடும்போது, சத்தியநேசன் முகமூடி இல்லாமல் மூங்கிலடியில் வெயிலில் நின்றான். செய்தி கேட்டு, கல்லாற்றில் கை ஒடிந்தவனும் மாவுக்கட்டோடு வந்துசேர்ந்தான். ஜல்லிக் குவியலிலிருந்து இடது கையால் எறிந்தான். முதல் கல் புருவத்தைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் இறங்கியது. அடுத்தது நெஞ்செலும்பில் விழுந்தது. நயினார் மண்வெட்டியை எடுத்தான்.

“கீழெ போடும் ஓய்” என்றான் சத்தியநேசன். “மாறனெ நேத்தே கொன்னாச்சு.”

மூன்றாவது கல் இடது கைப்பழக்கம் இல்லாததால் தவறி, தங்கப்பனின் முழங்காலில் விழுந்தது. மேஸ்திரி கையிலிருந்த பூச்சுக் கரண்டியோடு பாய்ந்தார். எறிந்தவனைச் சிமென்டுச் சேற்றில் தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, காதும் கன்னமும் பார்க்காமல் அறைந்தார். பல் ஒன்று தெறித்து வார்ப்பில் புதைந்தது. மாவுக்கட்டின்மேல் அவர் கரண்டியை ஓங்கியபோது சத்தியநேசன் வந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

“விடும் மாமா. அது நான் ஒடிச்ச கை.”

தங்கப்பன் மூச்சு வாங்கி நிமிர்ந்தார். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் அவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள்.

“அப்பா, இனி ஒங்களுக்க மூஞ்சியெத்தான் கெட்டணும்” என்றாள் தாசம்மாள்.

அவர் கரண்டியை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். கீழே கிடந்தவனைத் தூக்கி உட்காரவைத்தார்.

“சோறு வெளம்பு பிள்ளே” என்றார். “இவனுக்கும் சேத்து. அந்தப் பயலெ மொதல்லெ மொகம் கழுவச் சொல்லு. மாப்பிள்ளைக்கு லெச்சணமா இல்லெ.”