ஏரியைப் பார்த்த அறை

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நூல் கிடைக்காமல் ராசிபுரத்தில் பாதித் தறிகள் நின்றுபோயிருந்தன. எங்கள் வீட்டுத் தறியும் அதில் ஒன்று. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த வருஷம் புரட்டாசியில் எனக்கு முதல் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. பிறந்து அழவே இல்லை.

ஆண்கள்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர் ஏரிக்கரைச் சரிவில் புதைத்துவிட்டு வந்ததாகப் பிறகு என் மாமியார் சொன்னார். பால் வற்றட்டும் என்று என் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த வாசனையோடு படுத்துக் கிடந்தது மட்டும்தான் அந்த நாட்களைப் பற்றி எனக்கு நினைவிருக்கிறது. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் மனதில் நிற்கவில்லை. நான் பேசுவதையே விட்டுவிட்டேன் என்று பின்னால் சொன்னார்கள்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு நாள் என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏம்புள்ள, ஏற்காட்டுக்குப் போயிட்டு வரலாமா? ஏரி, தோட்டம் எல்லாம் பாத்தீன்னா மனசு கொஞ்சம் மாறும்" என்றார். மழைக்காலத்தில் யாராவது மலைக்குப் போவார்களா என்று மாமியார் முணுமுணுத்தார். எனக்கு ஆசையும் இல்லை, மறுக்கத் தெம்பும் இல்லை. கிளம்பினேன்.

சேலத்திலிருந்து மலைக்குப் போன பஸ் கரியில் ஓடுகிற பஸ். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத காலம் அது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏற முடியாமல் நின்றுவிடும். எல்லோரும் இறங்கி நடப்போம். தூறலில் என் கணவர் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, மேலே போய் என்னென்ன பார்க்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தார். அவரும் ஒரு குழந்தையை இழந்தவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மேலே போனதும் தங்க இடம் தேடி அலைந்தோம். முதலில் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி. அறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்தது. என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். "இது சரிப்படாதுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டார். அடுத்து மேட்டில் ஒரு பங்களா வாடகைக்கு விடுவதாக யாரோ சொன்னார்கள். அங்கே இருந்த காவல்காரர் எங்கள் மூட்டையை ஒரு பார்வை பார்த்தார். அது துரைமாருக்கும் எஸ்டேட்காரர்களுக்கும் உள்ள இடம் என்று கேட்டுக்கு வெளியிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றாவதாகக் கிடைத்தது ஏரிக்கு எதிரே இருந்த ஓட்டு வீடு. அதன் சொந்தக்காரர் முன்பு ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டைப் பிரித்து அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் சமையல்கட்டை ஒட்டி ஒரு சின்ன அறை. கரி பிடித்து இருட்டாக இருந்தது. முன்பக்கம் புதிதாகக் கட்டிச் சேர்த்த பெரிய அறை. மண் சுவர்தான், ஆனால் வெள்ளை அடித்துப் பளிச்சென்று இருந்தது.

"சன்னலத் தெறந்தீங்கன்னா ஏரி பூராவும் தெரியும் சாமி. கோடையில இந்த ரூமுக்கு அடிச்சுக்குவாங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் ஜன்னலைத் திறந்தார்.

என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா?" என்று என்னை முன்னால் விட்டார். நான் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் தண்ணீர். ஈரப் புல் மூடிய கரை. அந்தச் சரிவில் ஒரு ஆள் மண்வெட்டியால் வாய்க்கால் மண்ணை ஒதுக்கிக்கொண்டிருந்தார். மண்வெட்டி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஜன்னலை விட்டு விலகி வந்தேன்.

என் கணவருக்கு இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அறையையே எடுத்தோம். அன்று ராத்திரி ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, ஏரிப் பக்கம் திரும்பாமல், பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. ஓட்டின்மேல் மழை விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு ஒரு இளஞ்ஜோடி வந்து சேர்ந்தது. ஜலகண்டாபுரத்துக்காரர்கள், அவர்களும் நெசவுக் குடும்பம்தான். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது இருக்கும். மஞ்சள் சரடு இன்னும் புதுசாக இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் பின்னறையைக் காட்டினார். அவள் முகம் வாடிவிட்டது. நடுவில் எங்கள் அறைக் கதவு திறந்திருந்தது. அதன் வழியாக ஏரி தெரிந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

அதுவரை யாரிடமும் தானாகப் பேசாத நான் எழுந்து வந்தேன். "நீங்க இந்த ரூமை எடுத்துக்குங்க. நாங்க பின்னால போயிக்கறோம்" என்றேன்.

என் கணவர் திகைத்துப்போனார். "ஏன் புள்ள, இது நல்லாத்தான இருக்குது?" என்றார் மெதுவாக. "எனக்குக் குளுருதுங்க. அங்க அடுப்புச் சூடு இருக்கும்" என்றேன். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் நான் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் என்பதால் உடனே மூட்டையைத் தூக்கிவிட்டார்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்கூட்டு மாடியில இருந்து பாத்தா இந்த மலை நீலமாத் தெரியுமுங்க. கிட்டப் போனாலும் நீலமாவே இருக்குமான்னு இவருகிட்டக் கேட்டுப்போட்டேன். அதுக்குன்னே கூட்டிட்டு வந்தாரு" என்று சொல்லிச் சிரித்தாள். மாப்பிள்ளை வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவது கொஞ்ச நேரம் வரைக்கும் பின்னறைக்குக் கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி. அன்றைக்குத் தூங்கினேன்.

விடிந்தும் விடியாமலும் எழுந்து சமையல்கட்டில் அடுப்பு மூட்டினேன். மழை விட்டிருந்தது. அந்தப் பெண் ஒரு சொம்போடு வந்தாள். "அவருக்குச் சுடுதண்ணி இல்லாம மூஞ்சி கழுவ முடியாதுங்கக்கா, அத்தனை குளுரு" என்று சொல்லி அடுப்போரம் உட்கார்ந்தாள். தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. கோவிலும் தோட்டமும் அருவியும் எங்கே இருக்கின்றன, நாலு பேரும் சேர்ந்து போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். இடி மாதிரி இல்லை. பெரிய மண் மூட்டையை மேலேயிருந்து போட்ட மாதிரி தொப்பென்று ஒரு சத்தம், பின்னாலேயே ஓடுகள் சரசரவென்று சரிந்தன. அப்புறம் ஒன்றுமே இல்லை.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது முன்னறையின் பக்கச் சுவர் உள்பக்கமாக விழுந்திருந்தது. மேலே கூரையும் உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை சுவரோரமாகப் படுத்திருந்திருக்கிறார். என் கணவர் வெறும் கையால் மண்ணைப் பிடுங்கிப் போட்டார். விரலெல்லாம் கிழிந்து ரத்தம் வந்தது. வீட்டுச் சொந்தக்காரர் கூச்சல் போட, தோட்டத்து ஆட்கள் கடப்பாரையோடு ஓடி வந்தார்கள். வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் ஒரு காயம்கூட இல்லை. இமையிலும் மீசையிலும் சுண்ணாம்புப் பொடி மட்டும் அப்பியிருந்தது. உயிர் இல்லை.

அவள் அழவில்லை. கையில் சொம்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

போலீஸ் வந்தது. ஊருக்குத் தந்தி கொடுத்தார்கள். உடலை வெளியே கொட்டகையில் போட்டு மூடி வைத்தார்கள். நான் அவளை அடுப்போரம் கூட்டிவந்து உட்கார வைத்தேன். வேறெங்கே கூட்டிப்போவது? பகல் முழுவதும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள். உச்சி வேளை தாண்டியிருக்கும், திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க ஏனுங்க அந்த ரூம் வேண்டாமுன்னீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் கணவரிடம்கூட வாய்விட்டுப் பேசாததையெல்லாம் அவளிடம் சொன்னேன். குழந்தை பிறந்ததை, அழாததை, ஏரிக்கரையில் புதைத்ததை, எனக்குக் காட்டாமலே கொண்டுபோனதை, ஜன்னல் வழியே அந்த மண்வெட்டியைப் பார்த்ததை. முந்தாநாள் ராத்திரி நானே அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன், ஒரு கீறல்கூட என் கண்ணில் படவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்தது. உண்மையிலேயே படவில்லையா? ஈரம் இருந்ததா? நான் எதையாவது பார்க்கிற நிலையிலா இருந்தேன்?

அவள் கேட்டு முடித்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் நம்பவில்லை என்றே நினைத்தேன்.

சாயங்காலம் ஒரு வாடகைக் காரில் அவள் அப்பாவும் அம்மாவும் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். அழுகையும் கூச்சலுமாக அந்த இடமே நிறைந்தது. அதற்குள் யாரோ நாங்கள் அறை மாற்றிக்கொண்ட சங்கதியைச் சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா தலைவிரி கோலமாக நேரே என்னிடம் வந்தார்.

"ஒரே நாள்ல அந்த ரூம உட்டுப்போட்டு ஏன் பொறப்பட்டீங்க? செவுரு நனைஞ்சு கெடந்தது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான எம்புள்ளைகள உள்ள தள்ளுனீங்க?"

"சத்தியமா இல்லீங்கம்மா..." என்று என் கணவர் கும்பிட்டார். அங்கிருந்த எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அந்த அம்மா சொல்வதில் நியாயம் இருப்பதுபோலவே எனக்குத் தோன்றிவிட்டது. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அப்போது அந்தப் பெண் எழுந்து வந்தாள். அன்றுதான் நிற்கப் பழகியவள் மாதிரி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"உடும்மா. அந்தக்காவுக்கு ஒண்ணுந் தெரியாது. பெத்த புள்ளைய ஏரிக்கரையில பொதச்சுப்போட்டு வந்திருக்காங்க. அந்தத் தண்ணியப் பாக்க முடியாமத்தான் மாறுனாங்க. அவங்களும் பறிகுடுத்தவங்கதான்."

என் கணவர் சட்டென்று என்னைப் பார்த்தார். நான் அறை மாறிய காரணம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு அவள் என்னிடம் சொன்னாள்:

"நீங்க சந்தோசமாக் குடுத்தீங்க, நாங்க சந்தோசமா வாங்கிக்கிட்டோம். நேத்து ராத்திரி அவரு எத்தனை சந்தோசமா இருந்தாருன்னு எனக்குத் தெரியும். நீங்க மனசுல வெச்சுக்காதீங்கக்கா."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அவள் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் அழுதேன். என் குழந்தைக்காகக்கூட நான் அப்படி அழுததில்லை.

இருட்டுவதற்குள் உடலோடு அவர்கள் மலை இறங்கிவிட்டார்கள். மறுநாள் நாங்களும் இறங்கினோம். வழியெல்லாம் என் கணவர் காயத்துக்குக் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அடிவாரம் வந்த பிறகு, "அந்தச் செவுத்தோரம் நீயும் நானும் படுத்திருக்கணும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அவர் இருந்த வரைக்கும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஊரில் விஷயம் தெரிந்ததும், கடவுள்தான் எங்களைக் காப்பாற்றினார் என்று மாமியார் பூஜைக்கு ஏற்பாடு செய்தார். பார்க்க வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் கோவிலுக்குப் போனேன். கண்ணை மூடிக் கும்பிட்டால் நன்றி சொல்ல வரவில்லை. எங்களைக் காப்பாற்றிய கடவுள், மலை நீலமா பச்சையா என்று பார்க்க வந்த அந்தப் பிள்ளைகளை என்ன செய்தார் என்றுதான் கேட்கத் தோன்றியது.

பிறகு எனக்குக் குழந்தைகள் பிறந்தார்கள், தறிகள் ஓடின. ஜலகண்டாபுரத்திலிருந்து யாராவது நூல் விஷயமாக வந்தால், அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று விசாரிப்பேன். அந்த வீட்டார் ஊரை விட்டுப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். இன்னொருவர், அவள் அப்பா வீட்டிலேயே இருக்கிறாள், வெளியே வருவதில்லை என்றார். எது உண்மை என்று தெரியாது. நேரில் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்னைப் பார்த்தால் அவளுக்கு அந்த விடியற்காலைதான் ஞாபகத்துக்கு வரும்.

துக்கத்தில் இருந்தவரை நான் என்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை, என் கணவரைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் தன் வாழ்க்கையே இடிந்து விழுந்த அன்றைக்கு, முன்பின் தெரியாத ஒருத்தி ஆயுள் முழுக்க ஒரு பழியைச் சுமக்கக் கூடாது என்று நினைக்க அந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படி முடிந்தது என்று, பேரன் பேத்தி எடுத்த இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை.