வெட்டாத ஓரம்

நாரிமின் தனி ஆல்பம் வெளியாக இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சியோலுக்கு அருகே பாஜுவில், அதோடு வரும் படப்புத்தகத்தை அச்சிட்டுக் கட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலையின் இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. பியோ மால்சுன் கையிலிருந்த புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பத்தொன்பது வருடமாக அந்த மேசையில் நின்று, கட்டி வரும் புத்தகங்களில் கறையும் மடிப்பும் பார்ப்பவள். சாப்பாட்டு வேளையைத் தவிர அந்தச் சத்தம் அடங்கி அவள் கண்டதில்லை.

உம் என்ற போர்மேன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"யாரும் இடத்த விட்டு நகராதீங்க. படம் வெளிய போயிடுச்சு."

எந்தப் படம் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து பெண்கள் சேர்ந்த குழுவில் ஏழு வருடம் பாடிய நாரிம் முதல்முறையாகத் தனியாகப் பாடியிருந்தாள். அந்த ஆல்பத்துக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். இரண்டு மாதமாகப் பொய்முடி வைத்துக்கொண்டுதான் வெளியே தலைகாட்டினாள். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு, பாட்டோடு சேர்த்துத்தான் அந்த முகம் வெளியே தெரிய வேண்டும் என்பது அவளுடைய நிறுவனத்தின் கணக்கு. அதற்காகத் தொழிற்சாலை வாசலிலேயே கைபேசிகளை வாங்கிப் பூட்டினார்கள். போகும்போது பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். கறைபட்ட தாளைக்கூட எண்ணித்தான், அரைக்கப் போகும் கழிவு மூட்டையில் போட வேண்டும்.

அந்த ஒட்ட வெட்டிய தலை இப்போது நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

மால்சுன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவள் ஒரு காரியம் செய்திருந்தாள்.

அவள் கங்வோன் மலைப்பக்கத்துச் சுரங்க ஊர்க்காரி. பதினேழு வயதில் சியோலுக்கு வந்து சட்டைக்குக் காலர் தைத்தாள். லாரி ஓட்டிய புருஷன், மகள் யேடத்துக்கு ஆறு வயதாக இருந்தபோது நெடுஞ்சாலையில் இறந்துபோனான். பள்ளியில் கூடப் படித்தவர்கள் ஏதோ செய்து, அதன்பிறகு யேடம் எட்டு மாதம் அறையை விட்டு வெளியே வராத காலம் ஒன்று இருந்தது. கதவுக்கு வெளியே வைத்த சோறு பாதி திரும்பி வரும். உள்ளேயிருந்து நாரிமின் குரல் மட்டும் கேட்கும். பிறகு ஒருநாள் யேடம் செருப்பை மாட்டிக்கொண்டு, "அம்மா, கச்சேரிக்குப் போகணும், கூட வர்றியா?" என்று கேட்டாள். மால்சுன் அன்று சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அந்தக் குழுவில் யார் யார் என்று அவளுக்கு இன்றுவரை அடையாளம் தெரியாது. "எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்குடி" என்று சொல்லி மகளிடம் திட்டு வாங்குவாள். நாரிமை மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை யேடத்துக்குப் பத்தொன்பது வயது முடிந்தது. அன்று ஆல்பத்தோடு சேர்த்துத் தரும் நாரிமின் படஅட்டை ஒன்று, பின்பக்கம் மை இழுகி, மால்சுன் மேசைக்கு வந்தது. உள்ளங்கை அளவு. மூட்டையில் போட வேண்டியதை, துவைக்க எடுத்துப்போகும் பருத்திக் கையுறைக்குள் செருகிக்கொண்டாள். வாசலில் கையுறையை யாரும் பார்க்கவில்லை. வீட்டில் பிறந்தநாளுக்கு வைத்த கடற்பாசி சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தபோது யேடம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, யாராவது பாத்தா உன் வேலையே போயிடும்."

"பாத்தாத்தானே? திங்கக்கிழமை வரைக்கும் பொட்டிக்குள்ள வை."

யேடம் காட்டிவிட்டாளா? ஒரு சிநேகிதிக்காவது காட்டியிருப்பாளா? கேட்க வழியில்லை. கைபேசி வாசலில் பூட்டிக் கிடந்தது.

பதினோரு மணிக்கு உம் வந்து தணிந்த குரலில், "அக்கா, உங்களத்தான் முதல்ல மேல கூப்பிடுறாங்க" என்றார்.

மாடியில் நாரிமின் நிறுவனத்திலிருந்து வந்த பாங் என்பவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுதான் இருக்கும். மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உங்க பொண்ணு நாரிம் ரசிகையாமே?"

"இந்த நாட்டுல பாதிப் பொண்ணுங்க அப்படித்தான் சார்."

"பாதிப் பொண்ணுங்களோட அம்மா இங்க வேலை பாக்கலையே."

அவன் கைபேசியை அவள் பக்கம் தள்ளினான். மால்சுன் குனிந்து பார்த்தாள். படஅட்டை இல்லை. புத்தகத்தின் முழுப் பக்கம் அது. அவள் எடுத்துப்போனது அதுவல்ல. அதற்குப் பிறகு கண் தன் பழக்கத்தில் ஓரத்துக்குப் போனது.

"இந்த மூலைய கொஞ்சம் பெருசு பண்ணுங்க சார்."

"எதுக்கு?"

"பண்ணுங்களேன்."

பெரிதாக்கினான். தாளின் மூலையில் மெல்லிய கூட்டல் குறி ஒன்றும், அதன் கீழே ஒரு வண்ணப்பட்டையின் துண்டும் தெரிந்தன.

"இது வெட்டாத தாளு. இந்தக் குறிய வச்சுத்தான் வெட்டுவாங்க. வெட்டினப்புறம்தான் என் மேசைக்கு வரும். அப்புறம் இந்தச் சட்டையப் பாருங்க. பளபளன்னு சிவப்பு. முதல் மாதிரி அச்சு இப்படித்தான் இருந்துச்சு. உங்க ஆளுங்க வேணாம்னு சொல்லி, நாங்க சிவப்பக் குறைச்சோம். இப்ப ஓடுறது சொரசொரப்புத் தாளு, அதுல இந்தப் பளபளப்பே வராது."

பாங், கூட வந்து நின்ற போர்மேன் உம்மைப் பார்த்தான். உம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த முதல் மாதிரிய நாலு தாளு அடிச்சோம். மூணு உங்க ஆபீசுக்கு அனுப்பிட்டோம். ஒண்ணு எங்க பீரோவுல இருக்கு."

"கொண்டு வாங்க."

கொண்டுவந்தார். மடிப்புக் கலையாமல் இருந்த அந்தத் தாளின் மூலையில் போர்மேன் உம்மின் கையெழுத்து குறுக்காக ஓடியிருந்தது. வெளியே போன படத்தில் அந்தக் கையெழுத்து இல்லை. பாங் எழுந்து ஜன்னலருகே போய், யாருடனோ வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசினான். திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது.

"அத நாங்க பாத்துக்கறோம். ஆனா வந்தது வந்துட்டேன், கழிவு மூட்டையவும் எண்ணிப் பாத்துடலாம்."

அங்கேயே முடிந்திருக்க வேண்டியது, அந்த ஒரு பேச்சில் மறுபடி தொடங்கியது.

கீழே மூட்டைகளைக் கொட்டி எண்ணினார்கள். வெள்ளிக்கிழமை மூட்டையில் பதிவேட்டுக் கணக்கைவிட ஒரு படஅட்டை குறைந்தது. மூட்டைக்குப் பொறுப்பு தூய் என்பவள். வியட்நாமிலிருந்து வந்து ஏழு வருடமாக மால்சுனுக்கு அடுத்த மேசையில் நிற்பவள்.

"நான் எடுக்கல சார். நான் கட்டி மட்டும்தான் வச்சேன்."

"உங்க விசா எப்போ முடியுது?" என்று பாங் கேட்டான். குரல் உயரவே இல்லை.

தூய் மால்சுனைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மால்சுன் மனதில் வீட்டு வாடகையும் யேடமும் வந்து போனார்கள். இன்னும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் அவளைத் தாண்டிப் போய்விடும்.

"அந்தப் பொண்ண விடுங்க. அட்டை என்கிட்ட இருக்கு."

"அக்கா, சும்மா இருங்க" என்று உம் பதறினார்.

"என் பொண்ணுக்குப் பொறந்தநாளுன்னு எடுத்துட்டுப் போனேன்."

"மேல உக்காந்து இவ்வளவு பேசினீங்களே, அப்பவே ஏன் சொல்லல?" என்றான் பாங்.

"நீங்க கேட்டது அந்தப் படத்தப் பத்தி. அத நான் செய்யல. இத செஞ்சேன்."

பாங்கின் காரில் மால்சுன் வீட்டுக்குப் போனார்கள். முக்கால் மணி நேரப் பயணம். யேடம் எவருக்காவது காட்டியிருந்தால் எல்லாம் முடிந்தது என்பது மட்டும் மால்சுன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த யேடத்தின் கண்கள் வீங்கியிருந்தன. அம்மாவுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். கண்ணாடித்தாள் உறைக்குள், மேலே வெள்ளைக் காகிதம் சுற்றி, ஒட்டியது பிரியாமல் அட்டை இருந்தது. கேட்காமலே கைபேசியையும் திறந்து நீட்டினாள். பாங் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

"யாருக்கும் அனுப்பலையா?"

"நாரிம் காட்டறதுக்கு முன்னாடி நான் காட்டுவேனா? அவ்வளவு நாள் தலைய மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்காங்க. இன்னிக்கி அவங்க எப்படி இருக்காங்கன்னு யாராவது கேட்டீங்களா?"

பாங் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தலை தாழ்த்திவிட்டுப் போனான்.

மால்சுன் மறுநாள் விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டாள். படத்தை வெளியே விட்டது தங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைத்த ஒருவர் என்று நிறுவனம் சனிக்கிழமை அறிவித்தது. ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டது. தொழிற்சாலையின் பேர் அதில் இல்லை. அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ள உம் இரண்டு முறை பேசிப் பார்த்தார், நடக்கவில்லை.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு யேடம் காதில் எதையும் மாட்டாமல் கூடத்திலேயே பாட்டைப் போட்டாள். ஆயிரக்கணக்கான பிரதிகளைப் புரட்டிய மால்சுன் அதில் ஒரு வரிகூட அதுவரை கேட்டதில்லை. வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"மூச்சு வாங்கறதெல்லாம் கேக்குதேடி."

"வேணும்னுதான் விட்டிருக்காங்கம்மா. பேசாம கேளு."

மூன்று வாரம் கழித்துப் பள்ளிப் பாடப்புத்தகம் கட்டும் ஓர் இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே ஆள் தேவைப்படுகிறது என்று விசாரித்துச் சொன்னவள் தூய்.