இறால் குஞ்சுக்கு உடைத்த பொங்கல் பானை

என் மனைவி இறால் வளர்த்த கதையைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கொக்கோத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், யாரும் பாவிக்காத சிமெந்துத் தொட்டியில் அவள் செய்த காரியத்துக்கு எனக்கெல்லாம் ஏழு ஜென்மத்துக்கும் பொறுமை வராது.

ஓயா ஆற்றில் பழைய சேலைத் துணியால் அரித்துப் பிடித்த நகநீளக் குஞ்சுகள். முதல் தடவை வெயிலில் தண்ணீர் சுட்டுச் செத்தன. இரண்டாம் தடவை தின்னாத புண்ணாக்கு அழுகி நாறிச் செத்தன. மூன்றாம் தடவை பாதித் தொட்டியைக் கமுகு மட்டையால் மூடினாள். மலை ஊற்றுப் பீலித் தண்ணீரை மூங்கில் வழியாக நூலாக விழவிட்டாள். புண்ணாக்கைக் கிள்ளிக் கிள்ளித்தான் போட்டாள். அடியில் ஓட்டுத் துண்டுகளும் சருகும் பரப்பியிருந்தாள்.

"இதுவும் போச்சுன்னா இனித் தொடவே மாட்டேங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பொங்கலுக்கு முதல் நாள் லயமே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. அவள் மலைக்கு வேலைக்குப் போயிருந்தாள். என் சுத்தக் கிறுக்கு சும்மா இருக்குமா? ஓட்டுத் துண்டுகளையும் சருகையும் குப்பையென்று அள்ளி, லயத்துக்குக் கீழே கிடுகிடு பள்ளத்தில் கொட்டினேன். பழைய தண்ணீரை முக்கால்வாசி இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன்.

பின்னேரம் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகக் கூடுகள் மிதந்தன. "ஐயோ, எல்லாம் செத்துப்போச்சுடி!" என்று, வேலை விட்டு வந்தவளிடம் கத்தினேன்.

ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "சாகலைங்க. புதுத் தண்ணி பட்டதும் ஒண்ணா தோலுரிச்சிருக்குதுங்க. உடம்பு இப்ப வெண்ணெ மாதிரி இருக்கும். ஒளிய இடமில்லாட்டி ஒண்ணை ஒண்ணு தின்னுரும். நான் போட்ட ஓட்டுத் துண்டெல்லாம் எங்கே?"

பள்ளத்தைக் காட்டினேன். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விடுவிடுவென்று உள்ளே போனாள். மாத்தளைச் சந்தையில் நான் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிய புதுப் பொங்கல் பானையைத் தூக்கி வந்து வாசற்கல்லில் போட்டாள். டமார்!

"அடிப்பாவி! நாளும் கிழமையுமா பானையைப் போட்டு உடைக்கிறியே, இது என்ன இழவு வீடா?"

"பானை வேற வாங்கிக்கலாங்க. இதுங்களுக்கு இப்பவே வீடு வேணும்" என்றபடி சில்லுகளைத் தொட்டிக்குள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள்.

என்ன மனுஷி இவள்! சில்லுக்கு ஒன்றாகக் குஞ்சுகள் உள்ளே நுழைந்தன. மூலையில் பொடிசு ஒன்று மட்டும் இடமில்லாமல் தவித்தது. பெரியது ஒன்று அதன் பக்கம் நகர்ந்தது. அவள் கையில் சில்லு தீர்ந்துவிட்டது.

நான் உள்ளே ஓடினேன். பானையோடு சேர்த்து வாங்கிய மூடிச்சட்டியை எடுத்துவந்து, அதே கல்லில் என் கையாலேயே போட்டு உடைத்தேன்.